பனிமலைக்கு அப்பாலுள்ள ஏடுகள்

திருக்கயிலாயத்தை நாள்தோறும் நினைந்து வழுத்துவார் நம்மிடையே எண்ணிலர். அம்மலை நிலநூன் முறையால் எந்நாட்டின்கண் உளதென வினவின், இமயத்தின் வடபால், திபெத்து நாட்டின் மேற்குப் பகுதியில் உளதென விடையிறுப்பாரும் பலரே. ஆயின், அம்மலையடியில் வழிவழியாக வாழ்ந்துவரும் மக்கள் யாவர், அவர் எழுதிக் காத்த நூல்கள் எத்தன்மையன என்று கேட்பின், விடைகூற வல்லார் மிகச் சிலர். அந்நூல்கள் நமக்கு எவ்வாற்றானும் தொடர்பிலாதன என்னும் எண்ணமே இதற்குக் காரணமாம். அவ்வெண்ணம் பொருந்தாது. சிவஞானசித்தியார் பரபக்கத்தில் மறுக்கப்படும் பௌத்தர் நால்வருடைய கொள்கையை அவர்தம் நூல்வழியே கண்டு தெளிய விரும்புவோன், திபெத்து நாட்டு ஏடுகளை நாடாது அமைதல் இயலாது. அஃது எங்ஙனமென்பதை ஈண்டு ஒருவாறு விளக்குவாம்.

அந்நாட்டார் தம் நாட்டைப் 'பொத்' என்பர். கடல்மட்டத்திற்கு மேல் பெரும்பாலும் 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த மேட்டுநிலம் அது. வறுத்த பார்லியை மாவாக்கிய 'சம்பா' என்னும் உணவும், வெண்ணெயும் உப்பும் சேர்த்துக் கடைந்த தேநீரும், கவரிமாவின் பயனும் கொண்டே அவர் வாழ்வு நடைபெற்றுவந்தது. நம் சங்கப் புலவர் இமயத்தில் மேய்வதாகப் பாடிய கவரி இதுவே. கயிலையை அவர் 'காங் ரின்போச்சே', அஃதாவது பனிமாமணி, என வழங்குவர். மானசவாவியை 'மாபம் யும்சோ' என்பர். 6,638 மீட்டர் உயரமுள்ள அம்மலையை வலம்வரும் வழி ஏறக்குறைய 52 கிலோமீட்டர். சிந்து, சட்லெஜ், பிரமபுத்திரை, கர்ணாலி என்னும் நான்கு பேரியாறுகளும் அதன் சுற்றுப்புறத்தே தோன்றுகின்றன. இவற்றையெல்லாம் நேரிற் கண்டு அளந்து எழுதிய நூல்களுள், தெலுங்கு நாட்டிற் பிறந்த பிரணவானந்த சுவாமிகள் 1949-ஆம் ஆண்டு வெளியிட்ட கயிலாச மானசரோவர நூல் நம்மனோர்க்கு மிகப் பயன்படுவது. பத்தியும் அளவைக்கோலும் ஒருவர் கையில் ஒருங்கு அமைதல் அரிது, அவர்பால் அமைந்திருந்தன.

திபெத்தைப் பற்றிப் பிறநாட்டார் எழுதிய நூல்கள் பெருந்தொகையின. அவற்றுட் கொள்ளத்தக்கனவும் உள, தள்ளத்தக்கனவும் உள. இப்போலித்தோ தெசிதேரி என்னும் இத்தாலியப் பாதிரியார் 1716-இல் இலாசா நகரை அடைந்து, 1721 வரை அந்நாட்டில் தங்கினார். அவர் நோக்கம் பௌத்தத்தை மறுத்தலே. ஆயினும், மறுக்கப் புகுமுன் கற்றல் வேண்டுமெனத் துணிந்து, பௌத்த மடத்திலிருந்து அவர்தம் நூல்களை ஓதி, பின்னர்த் திபெத்திய மொழியிலேயே மறுபிறப்பையும் சூனியவாதத்தையும் மறுத்து நூல் வரைந்தார். அவர் துணிபு எதுவாயினும், அம்முறை சாலச் சிறந்தது. அங்கேரி நாட்டுச் சோமா தெ கொரோசு என்பார் தம் இனத்தின் தொன்மையைத் தேடிக் கிழக்கே வந்தவர்; சன்ஸ்கார் மடங்களிற் கடுங்குளிரில் அமர்ந்து பயின்று, 1834-இல் கல்கத்தாவில் திபெத்திய அகராதியும் இலக்கணமும் வெளியிட்டார். வங்காளத்துச் சரத் சந்திர தாசர் 1879-லும் 1881-லும் அந்நாட்டுட் சென்று மீண்டார். அவரது பேரகராதி 1902-இல் வெளிவந்தது. அவர் ஆங்கில அரசின் ஒற்றராகவும் சென்றாராதலின், அவர்க்கு இடமளித்த லாமா ஒருவர் பின்னர்க் கொல்லப்பட்டார். அவ்வகராதியைக் கையிலெடுப்போர் இதனையும் நினைவிற் கொள்ளுதல் தகும்.

மக்கள் வாழ்க்கையை அறிதற்குச் சார்லசு பெல் 1928-இல் எழுதிய திபெத்திய மக்கள் பற்றிய நூல் நன்று. அவர் பதின்மூன்றாம் தலாய் லாமாவோடு நெருங்கிப் பழகியவர். நாட்டையும் சமுதாயத்தையும் இலக்கியத்தையும் ஒருசேரக் கூறுவது 1962-இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த இசுட்டைன் என்பாரது திபெத்திய நாகரிக நூல். 1927-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'திபெத்திய மரித்தோர் நூல்' என்பதோ, அப்பெயரைப் பதிப்பித்தவரிடமிருந்தே பெற்றது. ஒரு மரபினர் பயிலும் சடங்கு நூலை அந்நாட்டின் தலைநூலெனப் பலர் மயங்குதற்கு அப்பெயரே வித்தாயிற்று. 1956-இல் 'மூன்றாவது கண்' என்றொரு தன்வரலாறு லாமா ஒருவர் பெயரால் வெளிவந்து பல்லாயிரக்கணக்கில் விலைபோயிற்று. எழுதியவர் திபெத்தை ஒருகாலுங் காணாத ஆங்கிலேயர் என்பது 1958-இல் வெளியாயிற்று. அதன் பின்னும் அந்நூல் விலைபோதல் குறையவில்லை! மாயமந்திரங்களை விரும்புவார்க்கு மெய்ந்நூல் சுவையாது போலும்.

இனி அந்நாட்டார் தம் நூல்களைக் காண்பாம். அவை 'பெச்சா' எனப்படும்; நீண்டு குறுகிய தனித்தனி ஏடுகள். தைத்துக் கட்டுவதில்லை, இருபுறமும் பலகையிட்டுத் துணியிற் சுற்றி வைப்பர். இந்தியாவினின்று சென்ற பனையோலைச் சுவடியின் வடிவே இது. பனை முளையாத நாட்டிற் பனையோலையின் வடிவம் ஆயிரத்திருநூறு ஆண்டுகளாக நின்று நிலவுகின்றது. தாள் பெரிதும் ஒருவகை நச்சுச்செடியின் வேரினின்று செய்யப்படுதலால் பூச்சி அணுகாது. ஏட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் மரப்பலகையில் இடவலம் மாறச் செதுக்கி, மை தடவி, தாளை ஒற்றி எடுப்பர். கிழக்குத் திபெத்திலுள்ள தெர்கே அச்சகத்தில் இத்தகைய பலகைகள் இரண்டு நூறாயிரத்திற்கு மேலுள.

அவ்வச்சகத்தில் 1729 முதல் 1733 வரை செதுக்கப்பட்டது 'காஞ்சூர்' எனப்படும் புத்தர் மொழித்தொகை, 103 தொகுதி. 1737 முதல் 1744 வரை செதுக்கப்பட்டது 'தாஞ்சூர்' எனப்படும் ஆசிரியர் நூற்றொகை, இருநூற்றுக்கு மேற்பட்ட தொகுதி. சப்பானியர் 1934-இல் வெளியிட்ட அட்டவணை இவ்விரு தொகையிலுமுள்ள நூல்களை 4,569 என எண்ணுகின்றது. இவற்றுட் பெரும்பாலன வடமொழியினின்று பெயர்க்கப்பட்டவை. பல நூல்களின் மூலம் இந்தியாவில் அழிந்துபட்டது. அசுவகோசரின் புத்தசரிதம் இருபத்தெட்டுச் சருக்கமுடையது; வடமொழியில் எஞ்சியது முற்பாதியே. பிற்பாதியைத் திபெத்திய, சீன மொழிபெயர்ப்புக்களாலேயே அறிகின்றோம்.

மொழிபெயர்ப்பை மூலத்துக்கு ஈடாக நம்பலாமோ எனின், அந்நாட்டு மொழிபெயர்ப்பு முறை பிற நாடுகளில் நிகழ்ந்தது போன்றதன்று. ஏழாம் நூற்றாண்டிற் சோங்சென் காம்போ என்னும் மன்னன் காலத்தே, தோன்மி சம்போதர் இந்தியாவிற்குப் போந்து எழுத்துமுறை கற்றுச் சென்றார் என்பது அவர்தம் வரலாறு. எட்டாம் நூற்றாண்டில் நாலந்தையினின்று சாந்தரட்சிதர் அழைக்கப்பட்டார். சம்யே என்னும் முதற்பெரு மடம் எழுந்தது. மொழிபெயர்ப்போர் பலராகிச் சொற்கள் வேறுபடக் கண்ட அரசன், 814-ஆம் ஆண்டளவில் ஓர் ஆணை பிறப்பித்தான். ஒரு வடசொல்லுக்கு இன்ன திபெத்தியச் சொல்லே வழங்கல் வேண்டும். பல பொருள் குறித்து ஒன்றன்பால் துணிய இயலாத சொல்லை மூலவுருவிலேயே விடுதல் வேண்டும். எவரும் தாமே புதுச்சொல் படைத்தலாகாது, அவைக்கு அறிவித்து ஒப்புதல் பெறல் வேண்டும் என்பன அதன் விதிகள். ஒன்பதினாயிரத்திற்கு மேற்பட்ட சொற்களுக்கு இருமொழி நிகண்டும் வகுக்கப்பட்டது. இந்தியப் பண்டிதர் ஒருவரும் 'லோசாவா' எனப்படும் திபெத்திய மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் உடனமர்ந்து பெயர்த்தலும், நூலிறுதியில் இருவர் பெயரையும் பொறித்தலும் வழக்கமாயின.

இம்முறைக்கு எடுத்துக்காட்டாக நம் சமயத்திற்கே உரிய சொல் ஒன்றனை எடுத்துக்கொள்வோம். 'சித்தாந்தம்' என்பதனைத் திபெத்தியர் 'துருப்தா' எனப் பெயர்த்தனர். 'துருப்' என்பது முடிந்தது, சித்தித்தது. 'தா' என்பது அந்தம், முடிபு. நம் ஆசிரியன்மார் அச்சொற்குக் கூறும் 'முடிந்த முடிபு' என்னும் பொருளே ஈண்டும் அமைந்திருத்தல் காண்க. இருசாராரும் ஒருவரையொருவர் அறியாது, ஒரு சொல்லை ஒருவாறே பகுத்தனர்.

சொல் ஒன்றாதலோடு அமையவில்லை. 'துருப்தா' என்பது அந்நாட்டில் ஒரு நூல்வகையின் பெயராகவும் நின்றது. பல சமயக் கொள்கைகளையும் நிரல்பட வைத்து ஆராய்ந்து தம் முடிபை நிறுவும் நூல்கள் இப்பெயர் பெறும். சம்யாங் சேபா என்பார் 1699-இல் முடித்த பெருநூலும், சாங்கியா ரோல்பே தோர்சே (1717–1786) இயற்றியதும், துக்கென் என்பார் 1802-இல் எழுதியதும் இவ்வகையிற் சிறந்தவை. இவற்றுள் பௌத்தர் வைபாடிகர், சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர் என நால்வராக வகுக்கப்படுவர். அருணந்திசிவாசாரியர் பரபக்கத்துட் கொண்ட நால்வரும் இவரே. வேறுபாடு யாதெனின், திபெத்தியர் இந்நால்வரையும் ஏணிப்படி போல அமைப்பர். புறப்பொருள் உண்டென்னும் வைபாடிகர் கீழ்ப்படியில். புறப்பொருள் அறிவின் தோற்றமே என்னும் யோகாசாரர் இடையில். எப்பொருட்கும் தன்னியல்பில்லை என்னும் மாத்தியமிகர் முடியில். மாணாக்கன் கீழ்க்கொள்கையை மேற்கொள்கையால் மறுத்து ஏறிச்செல்லுதலே அவர் கல்விமுறை. ஆதலின், சௌத்திராந்திகனுக்கு நாம் கூறும் மறுப்பு மாத்தியமிகனைத் தீண்டாது. அவன் அம்மறுப்பைத் தானே முன்னர்க் கூறியிருப்பான். இதனை உணராது பௌத்தம் அனைத்தும் ஒன்றெனக் கொண்டு வாதிடுவோர் வெறுவெளியில் அம்பெய்வோரே ஆவர். பரபக்கம் நால்வரையும் தனித்தனி மறுத்ததன் நுட்பம் இதனால் விளங்கும்.

அந்நூல்களிற் புறச்சமயங்களும் கூறப்படும். சாங்கியம், நியாயம், வைசேடிகம், மீமாஞ்சை, ஆருகதம் என்பவற்றோடு ஈசுவரனே முதல்வன் என்பாரும் எடுத்தோதி மறுக்கப்படுவர். ஈண்டு ஒன்று கருதற்பாலது. பதினேழாம் நூற்றாண்டுத் திபெத்தில் எதிர்நின்று விடைகூறச் சைவர் எவருமிலர். மறுக்கப்பட்டது ஏட்டிலிருந்த ஈசுவரவாதமே. அதன் மூலம் பெரும்பாலும் சாந்தரட்சிதரின் தத்துவசங்கிரகமும் அதற்குக் கமலசீலர் உரையும் போன்ற பழைய நூல்கள். 1926-இல் பரோடாவில் வடமொழியில் அச்சான அந்நூலின் ஈசுவர பரீட்சைப் படலத்தைக் காண்போர், அது மறுப்பது உத்தியோதகரர் முதலிய நியாய நூலார் கூறும் ஈசுவரனையே என்பதும், ஆணவமலம், சத்தி என்பவற்றை வைத்துச் சைவசித்தாந்தம் கூறும் விடையை அது எடுத்துக்கொள்ளவேயில்லை என்பதும் அறிவர். இனி, நம் பக்கமும் அங்ஙனமே. பதின்மூன்றாம் நூற்றாண்டிற்குப்பின் நம் மாணாக்கர்க்கு எதிர்நின்று வாதிடப் பௌத்தர் இல்லாதொழிந்தனர். பரபக்கத்தின் பூருவபக்கம் மனனத்திற்குரிய பாடமாயிற்று. பனிமலையின் இருபுறத்தும் இருசாரார் எதிரி இல்லாத வழக்கைப் பல நூற்றாண்டு நடத்திவந்தனர் எனலாம். எதிரியின் உரையை அவன் வாய்மொழியாற் கேட்டற்குரிய வாய்ப்பு, இந்நூல்கள் அச்சேறிய பின்னரே இருசாரார்க்கும் வந்தது.

அளவை நூலிலும் இதுவே நிலை. தாரநாதர் என்னும் திபெத்திய வரலாற்றாசிரியர் 1608-இல் எழுதிய நூலில், பௌத்த அளவை நூலின் தந்தையாகிய திக்கநாகர் காஞ்சியை அடுத்த ஊரிற் பிறந்தார் என்கின்றார். காட்சி, அனுமானம் என அளவை இரண்டே என்று நிறுவிய அவரது பிரமாண சமுச்சயம் முழுமையாக நமக்குக் கிடைப்பது திபெத்திய மொழிபெயர்ப்புக்களிலேயே. அதற்குச் சினேந்திரபுத்தி வரைந்த உரையின் வடமொழிப்படி திபெத்திற் காக்கப்பட்டிருந்து, அதன் முதற் படலம் 2005-இல் வெளியாயிற்று. மணிமேகலையின் இருபத்தொன்பதாங் காதையில் அறவணவடிகள் கூறும் அளவைப் பகுதியோடு பெரிதும் ஒத்துச்செல்லும் நியாயப்பிரவேசமும் அங்ஙனமே. அதன் திபெத்தியப் பாடம் 1927-இலும் வடமொழிப் பாடம் 1930-இலும் பரோடாவில் அச்சாயின. இராகுல சாங்கிருத்தியாயனர் 1929 முதல் 1938 வரை நான்குமுறை பனிமலை கடந்து, இங்கோர், சாலு, சாக்கிய மடங்களில் தூசுபடிந்து கிடந்த வடமொழி ஓலைச்சுவடிகளைக் கண்டெடுத்தார். தருமகீர்த்தியின் பிரமாணவார்த்திகமும், வசுபந்துவின் அபிதருமகோச பாடியமும் அவற்றுட் சில. வைபாடிக, சௌத்திராந்திக வழக்கை ஆசிரியர் வாய்மொழியாகவே அறிதற்கு அப்பாடியம் இன்றியமையாதது. அது 1967-இல் பாட்னாவிற் பதிப்பிக்கப்பட்டது.

தந்திர நூல்கள் பற்றியும் சிறிது கூறுவாம். கயிலையிற் சிவபெருமான் எழுந்தருளியிருத்தலை நாம் கொள்வதுபோல, திபெத்தியர் அங்கே 'தெம்சோக்', அஃதாவது சக்கரசம்வரர், உறைவதாகக் கொள்வர். அவ்வுரு பைரவரையுங் காளராத்திரியையும் காற்கீழ்க் கொண்டதாக எழுதப்படும். சைவர் மனம் இதனாற் புண்படுதல் இயல்பே. ஆயினும், அத்தெய்வத்துக்குரிய சம்வர தந்திரத்தின் பெரும்பகுதிகள் சித்தயோகேசுவரீமதம், தந்திரசற்பாவம் முதலிய பைரவாகம நூல்களினின்று எடுக்கப்பட்டுப் பௌத்தமாகத் திருத்தப்பட்டவை என்று ஆக்சுபோர்டு அறிஞர் சாண்டர்சன் பாடங்களை ஒப்புநோக்கிக் காட்டினார். இரு சமயத்துக்கும் பொதுவானதொரு பழைய மூலம் இருந்தது என்பார் சிலர் இதனை ஒப்பவில்லை. பாடங்கள் வரிக்குவரி ஒத்துச்செல்லும் இடங்களில் சாண்டர்சன் கூற்றே வலியுடைத்தென யாம் கருதுகின்றோம். அங்ஙனமாயின், காற்கீழ்க் கிடப்பவருடைய நூலே மேல்நிற்பவருக்கு மந்திரமாயிற்று!

காஞ்சியோடு தொடர்புடைய மற்றொரு நூலும் திபெத்தில் வாழ்கின்றது. தண்டியாசிரியரின் காவியாதரிசம் தமிழிற் தண்டியலங்காரமாக உருப்பெற்றதை யாவரும் அறிவர். அதே நூல் பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சாக்கிய மடத்தாரால் முழுதும் பெயர்க்கப்பட்டு, திபெத்தியர் அணியிலக்கணத்துக்கு அடிப்படையாயிற்று. தமிழாசிரியர் இலக்கணத்தைத் தழுவி, உதாரணங்களைத் தமிழாகவே அமைத்துக்கொண்டார். திபெத்தியர் உதாரணங்களையும் விடாது பெயர்த்து, பின்னர் ஒவ்வோரணிக்கும் தாமே பாட்டெழுதிப் பழகுவதற்கெனத் தனி நூல்கள் செய்தனர். காளிதாசனின் மேகதூதமும் அமரகோசமும் அவர்தம் தாஞ்சூரிலுள. கவிபாடக் கற்கும் பௌத்தத் துறவி, சிவபெருமான் திருப்பெயர்களை அமரகோசத்தின் வாயிலாகக் கற்கின்றான்.

இவற்றால், திபெத்து பிறர் நூல்களை அடைகாத்த பண்டசாலை மட்டுமே என எண்ணுதல் பெரும்பிழை. மிலரேபா என்னும் யோகியின் வரலாறு 1488-இல் எழுதப்பட்டது. அதனைப் படித்தோர் மறத்தல் அரிது. தந்தையின் பொருளைச் சிற்றப்பனும் அத்தையும் கவர, தாயின் ஏவலாற் சூனியங்கற்றுப் பலரைக் கொன்றவன். பின்னர்ச் செய்வினைக்கு அஞ்சி மார்ப்பா என்னும் ஆசிரியரை அடைந்தான். அவரோ உபதேசியாமல், கோபுரங் கட்டுக எனவும், கட்டியதை இடித்துக் கற்களை எடுத்த இடத்திலேயே வைக்க எனவும் பன்முறை ஏவினார். முதுகு புண்ணாய்ச் சீழொழுகியும் அகலாது நின்றவனுக்கு இறுதியில் அருளினார். அதன்பின் அவன் குகைகளிற் செந்தொட்டியிலை உண்டு உடல் பச்சைநிறம் படத் தவமியற்றிப் பாடிய பாடல்கள் அந்நாட்டார் நாவில் இன்றும் பயில்வன. வினை ஒழிய ஆசிரியன் மாணாக்கனை வருத்தல் நமக்கும் உடன்பாடே. அங்கே முதல்வனருள் என்பதற்கு இடமின்மையே வேறுபாடு. கேசர் மன்னன் பெருங்காப்பியமோ எழுதாக்கிளவியாகப் பாணரால் வளர்ந்தது. ஆறாம் தலாய் லாமா (1683–1706) பாடியனவாக வழங்கும் நாலடிக் காதற்பாட்டுக்கள் துறவரசர் ஒருவர் பெயரால் நிற்றல் வியப்பே.

இத்துணைச் செல்வத்திற்கும் இருபதாம் நூற்றாண்டில் இடர் நேர்ந்தது. 1959-இல் தலாய் லாமா இந்தியாவிற் புகலடைந்தார். 1966-இற் தொடங்கிய சீனப் பண்பாட்டுப் புரட்சிக் காலத்தே எண்ணிறந்த மடங்களும் ஏடுகளும் அழிந்தன. நர்த்தங் மடத்தின் அச்சுப்பலகைகளும் அவற்றுட் சேரும். தெர்கே அச்சகம் தப்பியது. புகலடைந்தோர் ஆடையினும் உணவினும் முந்தச் சுவடிகளைச் சுமந்துவந்தனர். அமெரிக்கரான சீன் சுமித் (1936–2010) 1968 முதல் தில்லியிலிருந்து, அச்சுவடிகளை ஆயிரக்கணக்கில் மீள அச்சிடச் செய்தார். 1999-இல் அவற்றை மின்படிமமாக்கும் நிலையமொன்றையும் நிறுவினார். 1967-இற் சாரநாதத்தில் அமைந்த திபெத்தியக் கல்வி நிலையத்தில், அழிந்த வடமொழி நூல்களைத் திபெத்திய மொழியினின்று மீளவும் வடமொழியாக்கும் பணி நிகழ்கின்றது. கன்னட நாட்டுப் பைலகுப்பையில் சேரா மடமும், முண்டகோட்டில் திரேபுங், காந்தன் மடங்களும் மீளவெழுந்தன. மேற்கூறிய துருப்தா நூல்கள் அங்கே கையறைந்து வாதிடும் மாணாக்கரால் இன்றும் ஓதப்படுகின்றன. தமிழ்நாட்டினின்று ஓரிரவுப் பயணத்தில் அவ்விடங்களை அடையலாம்.

நம் நாட்டைப் பற்றித் திபெத்தியர் எழுதிய நூலும் ஒன்றுண்டு. கெந்துன் சோபெல் (1903–1951) என்னும் அறிஞர், இராகுலரோடு மடங்களிற் சுவடி தேடியவர். 1934 முதற் பன்னீராண்டு இந்தியாவிலும் இலங்கையிலும் திரிந்து, வடமொழியும் பாலியும் கற்றுத் தம்மபதத்தைத் திபெத்திய மொழியிற் பெயர்த்தார். ஊர்களையும் கோயில்களையும் மக்கள் வழக்கங்களையும் மரஞ்செடிகளையும் தாம் கண்டவாறு 'பொன்மணிகள்' என்னும் பொருள்படும் நூலில் எழுதிவைத்தார். 1946-இல் நாடு திரும்பியவரை இலாசா அரசு சிறையிலிட்டது. விடுதலையுற்ற சில்லாண்டில் இறந்தார். அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2014-இல் வெளிவந்துள்ளது. திபெத்தியர் ஒருவர் கண்கொண்டு நம்மை நாமே காண விழைவோர் அதனைத் தேடிப் பெற்றுப் படிப்பாராக.